வாக்காளர்களைப் பறிகொடுத்த எம்.பி.: சி.வி. வேலுப்பிள்ளை

பட்டிப்பொலயில் ரயில் ஏறி நானுஓயா பக்கமாக இறங்கினால் கிரேட் வெஸ்டர்னுக்கு அடுத்து வட்டகொடை வரும். அதை அண்டிய மடக்கும்புரத் தோட்டத்தில், 1914 இல், கங்காணிக் குடும்பமொன்றில் பிறந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. எங்கள் பிள்ளைகளில் பலர் அவரைக் கவிஞராக மட்டுமே படிக்கிறார்கள். அவர் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் அவரை நிறுத்தியது. தோட்டத் தொழிலாளரின் வாக்கு அவரைக் கொழும்புக்கு அனுப்பியது. மறுவருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அதற்கு ஆதாரமும் காட்ட வேண்டும் என்றது சட்டம். லயத்தில் பிறந்த எத்தனை தகப்பன்மாருக்குப் பிறப்புப் பத்திரம் இருந்தது? 1949 இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜையாக இல்லாதவரின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கினார்கள். வேலுப்பிள்ளையின் ஆசனம் 1952 வரை இருந்தது. அவரை அனுப்பியவர்களில் பெரும்பாலோருக்கு அதற்குள் வாக்கே இல்லை. அந்த வருடத் தேர்தலில் மலையகத் தமிழருக்கென ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. கொழும்பில் காங்கிரஸ் மாதக் கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தும் பறித்தது திரும்பவில்லை.

அதற்குப் பின் செய்ததுதான், என் பார்வையில், அவருடைய பெரிய வேலை. தொழிற்சங்கத்தில் இருந்துகொண்டே எழுதினார். கொழுந்து பறிப்பவரின் வாழ்வை ஆங்கிலத்தில் கவிதையாக்கினார். சக்தி பாலையா அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ‘வீடற்றவன்’ என்று ஒரு நாவலுக்குப் பெயர் வைத்தார். தோட்டத்தில் வேலை போனால் லயக் காம்பராவும் போகும் என்பதை அறிந்தவர்களுக்கு அந்தத் தலைப்புக்கு விளக்கம் தேவையில்லை. வாய்மொழியாக இருந்த தாலாட்டையும் ஒப்பாரியையும் தெம்மாங்கையும் தேடித் தொகுத்தார். எங்கள் ஆட்கள் இந்த மண்ணில் பிறந்ததற்கும் செத்ததற்கும் கச்சேரியில் பதிவு இல்லாமல் இருக்கலாம், பாட்டில் இருந்தது.

1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாக்கியது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. போகிறவர்களிடம் யாரும் விருப்பம் கேட்டு இந்தக் கணக்கைப் போடவில்லை.

வேலுப்பிள்ளை 1984 நவம்பரில் காலமானார். நாடற்றவராக எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் நிறைவேறியது.