'நிலம்' உண்டு, வீடு இல்லை

களியக்காவிளையில் தமிழ்நாடு முடிகிறது. சாலையில் சற்றுத் தூரம் போனால் இஞ்சிவிளை, அப்புறம் பாறசாலை. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே தங்கிவிட்டது. எல்லைக்கு இருபுறமும் சம்பந்திகள், ஒரே சந்தை. விலைதான் இரண்டு.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைத்தது. 2023 ஏப்ரலில் கேரளம் பெட்ரோல், டீசல் மீது 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் போட்டது. எல்லாம் சேர்ந்து லிட்டருக்குச் சுமார் 5 ரூபாய் வித்தியாசம். பாறசாலை ஸ்கூட்டர்கள் டாங்கை நிரப்பக் களியக்காவிளைக்கு வருவதில் வியப்பில்லை. தமிழ்நாட்டின் இலவச ரேஷன் அரிசி, எதிர்ப்படும் சோதனைச்சாவடிகளுக்குத் தப்பி, அதே சாலையில் வடக்கே போகிறது.

அந்த 2 ரூபாய் ஏழைகளின் பென்ஷனுக்காக என்றார்கள். ஆனால் வரி தவறாமல் வசூலான அதே ஆண்டில், மாதம் 1,600 ரூபாய் பென்ஷன் பல மாதங்கள் பாக்கி விழுந்தது. 2023 நவம்பரில் இடுக்கி மாவட்டம் அடிமாலியில் இரண்டு மூதாட்டிகள் சட்டி ஏந்தித் தெருவில் இறங்கிய பிறகுதான் மாநிலமே திரும்பிப் பார்த்தது. 2025 நவம்பரில் தொகை 2,000 ஆனது. அதற்குள் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியிருந்தது. சப்ளைகோ கடைகளில் 13 பொருட்களின் மானிய விலை 2016 முதல் ஏறவில்லை என்று அரசு பெருமைப்பட்டுக்கொண்டது உண்மை; பொருள் இல்லாத அலமாரியில் விலை ஏறினால் என்ன, ஏறாவிட்டால் என்ன? 2024 பிப்ரவரியில் அந்தப் பெருமையும் போயிற்று. சந்தை விலையில் 35 சதவீதம் குறைவு என்பது புதிய கணக்கு.

வீட்டுக் கதை இன்னும் சிக்கல். லைஃப் திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 4 லட்சம் ரூபாய். தமிழ்நாட்டின் கலைஞர் கனவு இல்லம் தரும் 3.5 லட்சத்தைவிட இது கூடுதல்தான். ஆனால் ஜல்லியும் எம்-சாண்டும் பெருமளவில் தமிழ்நாட்டிலிருந்து லாரியேறி வரவேண்டும். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு கனிம நிலங்களுக்கு வரி விதித்ததும் அங்கே விலை எகிறியது. அந்த உயர்வும் லாரியேறி எல்லை கடந்தது. மத்திய அரசோ, தான் தரும் பங்கான 72,000 ரூபாய்க்கு வீட்டுச் சுவரில் தன் முத்திரை வேண்டும் என்றது. மாநிலம் மறுத்தது. கூரைக்குக் காத்திருந்தவர்கள் இந்தச் சண்டையைப் பேப்பரில் படித்தார்கள். வீடு கட்டும் அனுமதிக் கட்டணத்தை 2023 ஏப்ரலில் பலமடங்கு ஏற்றிய கேரள அரசு, எதிர்ப்புக்குப் பிறகு 60 சதவீதம் வரை குறைத்தது. அது நடந்தது 2024 ஆகஸ்டில். இடைப்பட்ட 16 மாதங்களில் அஸ்திவாரம் போட்டவர் பாடு அவரோடு.

தமிழ் படித்தவன் என்ற முறையில் என்னைத் தடுக்கி விழவைத்த சொல் ஒன்று உண்டு. நமக்கு நிலம் என்றால் பூமி, சொத்து. கேரள வருவாய்ப் பதிவேட்டில் 'நிலம்' என்றால் வயல். வீடு கட்டத் தக்கது 'புரயிடம்'. பத்திரத்தில் 'நிலம்' என்றிருந்தால், தண்ணீர் வற்றிப் பல வருடமாகி வாழையும் மரச்சீனியும் வளர்கிற மண்ணானாலும், 2008-ம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலைப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். வயல்கள் பிழைத்திருப்பது அந்தச் சட்டத்தால்தான்; அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வேறு இடமில்லாதவர் கிராமத்தில் 10 சென்ட் வரை வீட்டுக்குப் பயன்படுத்த அதிலேயே வழியும் இருக்கிறது. வழி அரசு அலுவலகங்கள் வழியாகப் போகிறது. வகைமாற்ற மனுக்கள் மாநிலமெங்கும் லட்சக்கணக்கில் குவிந்தன.

இதே தாலுகாவில்தான் விழிஞ்ஞம் துறைமுகம். 2025 மே 2-ல் பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். காரோடு முதல் கழக்கூட்டம் வரை புறவழிச்சாலை ஓடுகிறது. கூலிக்காரர் இரண்டு சென்ட் வாங்கும் கனவு அந்தச் சாலையைவிட வேகமாக விலகி ஓடுகிறது.

மூன்று சென்ட் மண் எவ்வளவு பெரியது என்பதை நெய்யாற்றின்கரை 2020-லேயே காட்டிவிட்டது. அந்த டிசம்பர் 22-ல், நீதிமன்ற உத்தரவுடன் குடும்பம் ஒன்றைக் காலி செய்யப் போலீசார் வந்தபோது, குடும்பத் தலைவர் மனைவியை அணைத்தபடி உடலில் பெட்ரோல் ஊற்றி லைட்டரைப் பற்றவைத்தார். நெருங்கிய போலீசார் அதைத் தட்டிவிட முயன்றார்கள், தீப்பிடித்தது. உயர் நீதிமன்றத்தின் தடை உத்தரவு அன்றே வந்தது, தீ பிடித்த பிறகு. ஒரு வாரத்துக்குள் இருவரும் இறந்தார்கள். பிள்ளைகளுக்கு வீடும் கல்விச் செலவும் தருவதாக அரசு அறிவித்தது. அதற்குமுன், போலீசார் தடுக்கத் தடுக்க, அந்த மண்ணிலேயே அப்பாவுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தான் மகன்.