எச்.ஐ.வி. தொடக்கநிலைச் சிகிச்சையும் பாக்டீரியத் தொற்றுகளும்

எச்.ஐ.வி. தொற்று உறுதியானதும், நோய்க்குறிகள் தோன்றும்வரை காத்திராமல் கூட்டு மருந்துகளை உட்கொள்ளத் தொடங்குவதே தொடக்கநிலைச் சிகிச்சை ஆகும். இது எய்ட்சு நிலையைத் தடுப்பதோடு, நிமோனியா, காசநோய் போன்ற கடுமையான பாக்டீரியத் தொற்றுகளின் அபாயத்தையும் குறைக்கிறது.

சிடி4 அணுக்கள்

சிடி4 என்பவை வெள்ளணுக்களில் ஒரு வகை. கிருமி நுழைந்ததும் மற்றக் காவல் அணுக்களை ஏவுவது இவற்றின் பணி. நலமுடன் இருப்பவரின் ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் இவை பொதுவாக 500 முதல் 1,500 வரை இருக்கும். எச்.ஐ.வி. தாக்குவது இவற்றையே. வாழ்நாள் முழுதும் மருந்து உண்ண வேண்டும், பக்கவிளைவுகளும் உண்டு என்பதால், இவ்வெண்ணிக்கை குறையும்வரை சிகிச்சையைத் தள்ளிவைப்பது முன்பு வழக்கம். உலக சுகாதார அமைப்பு சிகிச்சைக்கான வரம்பை 2010இல் 350 எனவும், 2013இல் 500 எனவும் உயர்த்தியது.

ஸ்டார்ட் ஆய்வு

காத்திருப்பது சரிதானா என்பதை அறிய 2009இல் ஸ்டார்ட் ஆய்வு தொடங்கியது. இந்தியா உள்ளிட்ட 35 நாடுகளைச் சேர்ந்த, சிடி4 எண்ணிக்கை 500க்கு மேல் இருந்த 4,685 பேர் இதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு உடனே மருந்து தரப்பட்டது. மறு பிரிவினருக்கு எண்ணிக்கை 350 ஆகக் குறைந்த பின் அல்லது எய்ட்சு அறிகுறி தோன்றிய பின் தருவதென முடிவாயிற்று. உடனே தொடங்கியவர்களின் நன்மை தெளிவானதால், 2015 மே மாதத்தில் அனைவருக்கும் மருந்து தரப் பரிந்துரைக்கப்பட்டது. உடனே தொடங்கியவர்களுக்குக் கடுமையான பாக்டீரியத் தொற்று ஏற்படும் அபாயம் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைவு என்பது பின்னர் வெளியான பகுப்பாய்வில் தெரியவந்தது.

காரணம்

மருந்தால் சிடி4 எண்ணிக்கை உயர்வது இந்நன்மையின் ஒரு பகுதியை மட்டுமே விளக்குகிறது. குருதியில் எண்ணிக்கை நிறைவாகத் தெரியும்போதே, குடற்சுவரிலுள்ள சிடி4 அணுக்கள் பெருமளவு அழிந்திருக்கும். எதிர்ப்பொருள் உண்டாக்கும் பி அணுக்களின் செயலும் பழுதுபடும். காவலர் தொகை குறையாவிட்டாலும் காவல் தளர்ந்துவிடுகிறது எனலாம். மருந்து வைரசு பெருகுவதைத் தடுப்பதால் இச்சேதம் மட்டுப்படுகிறது.

இன்றைய நடைமுறை

சிடி4 எண்ணிக்கையைப் பாராமல் அனைவருக்கும் சிகிச்சை அளிக்குமாறு உலக சுகாதார அமைப்பு 2015இல் பரிந்துரைத்தது. இந்தியா 2017இல் இதனை ஏற்றது. அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் மருந்து இலவசம். இம்மருந்து வைரசை முற்றிலும் நீக்குவதில்லை. நிறுத்தினால் வைரசு மீண்டும் பெருகும். ஆகவே, உடல் நலமாக இருப்பதாகத் தோன்றினாலும் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதோ இடையில் விடுவதோ கூடாது.