ஐந்து குழந்தைகள் வந்த வீடு

சென்ற சனிக்கிழமை காலை நமது மைத்துனர் தம் மனைவியோடும் ஐந்து குழந்தைகளோடும் நமது இல்லத்துக்கு வந்து, ஞாயிறு மாலை வரை தங்கிச் சென்றார். மூத்த பெண்ணுக்கு வயது 9. கடைக்குட்டிக்கு இன்னும் நடை வரவில்லை. நடுவே ஒரு பையனும், இரட்டையராய்ப் பிறந்த இரு பெண்களும். சொந்த வீட்டுச் சமாசாரம் பத்திரிகைக்கு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். அவ்விரண்டு நாட்களில் நாம் கண்டதும் கேட்டதும், நாடு முழுவதும் விவாதிக்கப்படும் ஒரு விஷயத்தைச் சேர்ந்தவை. ஆதலால் எழுதத் துணிந்தோம்.

ஒரே பிள்ளையுள்ள நமது வீட்டில் சாதாரணமாக மின்விசிறியின் ஓசையே பெரிய ஓசை. அன்றோ நமது சட்டப் புத்தகங்கள் அலமாரியை விட்டிறங்கிக் கோட்டை மதில்களாயின. இரண்டு வேளைக்கென்று வார்த்த தோசைமாவு ஒரு வேளையில் தீர்ந்தது. நமக்குச் சந்தோஷமே.

ஆனால் அடுத்த வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்து, “இந்தக் காலத்தில் ஐந்தா!” என்று நகைத்தார். மாலையில் வந்த நண்பர் ஒருவரோ, “இப்படி நாலு குடும்பங்கள் தெருவுக்குத் தெரு இருந்தால் பார்லிமெண்டில் நமது ஸ்தானம் குறையுமா?” என்று பாராட்டினார். இடுப்பில் குழந்தையோடு நின்ற அத்தாய் இரண்டையும் கேட்டுக்கொண்டு பேசாதிருந்தாள்.

இவ்விருவரும் சொந்தமாகப் பேசியவரல்லர். சர்க்கார் வெவ்வேறு காலங்களில் கற்பித்த பாடங்களையே ஒப்பித்தனர். 1952-ல் இந்திய சர்க்கார் குடும்பக் கட்டுப்பாட்டை தேசியத் திட்டமாக மேற்கொண்டது. சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்ற வாசகமும் சுவர்தோறும் ஏறின. தமிழகம் அப்பாடத்தை நன்றாகவே கற்றது. 2019-21-ம் வருஷங்களில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஒரு ஸ்திரீ பெறும் குழந்தைகளின் சராசரி இங்கே 1.8, இந்தியா முழுமைக்கும் 2.0, பீகாரில் 3.0. ஜனத்தொகை குன்றாதிருக்க 2.1 வேண்டும்.

கற்றதற்குக் கிடைத்த பரிசு என்ன? 1962-ம் வருஷத் தேர்தலில் சென்னை ராஜ்யத்துக்கு லோக் சபையில் 41 ஸ்தானங்கள் இருந்தன. 1967-ல் 39 ஆயின. இத்தகைய அநீதி பெருகாதிருக்கவே 1976-ல் அரசியல் சட்டத்தின் 42-வது திருத்தம், ராஜ்யங்களுக்குள்ள ஸ்தானங்களை 1971-ம் வருஷ ஜனக்கணிதத்தின்படி நிறுத்தி வைத்தது. 84-வது திருத்தம் அத்தடையை 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் ஜனக்கணிதம் வரை நீட்டித்தது. இந்த அச்சத்தினாலேயே, முதல் மந்திரி என்ற முறையில் ஸ்ரீ மு. க. ஸ்டாலின் 2025 மார்ச்சு மாதத்தில், புதுத் தம்பதிகள் காலந்தாழ்த்தாது மகப்பேறு அடைய வேண்டுமென்று கேட்டுக்கொண்டார்.

தேசத்தின் கட்டளையை நிறைவேற்றிய ராஜ்யம் அதற்காகவே தண்டனை பெறலாகாது; இதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் அந்த வழக்கைப் பார்லிமெண்டிலும் மக்கள் மன்றத்திலும் நின்று வாதாட வேண்டுமேயன்றி, தாய்மாரின் மடியில் இறக்கி வைக்கலாகாது.

நிற்க. சனிக்கிழமை இரவு ஆண்கள் உண்டு முடித்து, மேற்படி திருத்தங்களைப் பற்றி நெடுநேரம் வாதித்திருந்தோம். பத்து மணிக்குத் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குள் சென்றபோது, மைத்துனர் மனைவி ஒரு கையில் அழும் குழந்தையும் ஒரு கையில் தட்டுமாக நின்றபடியே உண்பதைக் கண்டோம். “உட்கார்ந்து சாப்பிடம்மா” என்றோம். “வேண்டும் என்று சொல்லவும் வேண்டாம் என்று சொல்லவும் ஊரில் ஆள் இருக்கிறது, அண்ணா. அரைமணி நேரம் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை” என்றாள் அவள். நமக்கு நாணமாயிற்று.

அவள் ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் உத்தியோகத்தில் இருந்தவள். 1961-ம் வருஷப் பிரசவ சகாயச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டபோது, சம்பளத்துடன் கூடிய விடுமுறை 26 வாரமாயிற்று. ஆயினும் உயிருடன் இரு குழந்தைகள் உள்ளவளுக்கு 12 வாரமே. 2020-ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதுவே விதி. மூன்றாம் பிரசவத்தில் இரட்டைக் குழந்தைகள் பிறக்க, 12 வாரம் முடிந்ததும் அவள் வேலையை விட்டாள். மூன்றாவது குழந்தையின் தாய் முதற் குழந்தையின் தாயைவிடச் சீக்கிரம் உடல் தேறுகிறாள் என்று எந்த வைத்தியர் சொன்னார்?

இவ்வழக்கு நமது ராஜ்யத்திலிருந்தே சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றதுண்டு. முதல் விவாகத்தில் இரு குழந்தைகள் பெற்று, மறுமணத்துக்குப் பின் கருவுற்ற சர்க்கார் பள்ளி ஆசிரியை ஒருவருக்குப் பிரசவ விடுமுறை மறுக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு அம்மறுப்பைத் தள்ளி, பிரசவ விடுமுறை ஸ்திரீகளின் மகப்பேற்று உரிமைகளைச் சேர்ந்தது என்று தீர்ப்பளித்தது. குழந்தைகளைப் பெறுங்கள் என்று மேடையில் ஒரு குரல்; மூன்றாவதற்கு விடுமுறையில்லை என்று காரியாலயத்தில் மற்றொரு குரல்! ஒரே சர்க்காருக்கு இரு நாவுகள் ஆகா.

எத்தனை குழந்தைகள் என்பது தாயும் தந்தையும், அவர்களுள்ளும் முதன்மையாகத் தாயும், தீர்மானிக்க வேண்டியது. சர்க்காரின் கடமை, பிறந்த குழந்தைக்கும் பெற்றவளுக்கும் வழி செய்வது. விடுமுறையில் குழந்தைகளை எண்ணிப் பேதம் பாராட்டுவதை நீக்குக. 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யுமிடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்ற விதியை ஏட்டில் விடாது நடத்திக் காட்டுக.

சர்க்காரைச் சொன்ன நாம் நம்மையும் சொல்லிக்கொள்ள வேண்டும். ஐந்து பெற்றவளை நகைப்பதும் தகாது; தொகுதிக் கணக்குக்காகப் புகழ்வதும் தகாது. இனி ஒரு குடும்பம் நம் வீட்டுக்கு வந்தால், இடுப்பிலுள்ள குழந்தையை முதலில் நம் கையில் வாங்கிக்கொண்டு, “நீ முன்னே சாப்பிடம்மா” என்று சொல்வோமாக. வாதங்களைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.