ராஜா திரும்பி வந்தாரா?

தோழர்களே! இந்தப் பகுதியில் சம்பளம், வீடு, தண்ணீர்ப் பிரச்சினை என்றுதான் வழக்கமாக எழுதுவேன். இந்த வாரம் ஒரு கதையைப் பற்றி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், இதுவும் நம் குடும்ப விஷயம்தான்.

1980களின் கடைசி. நான் தோட்டப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். இரவு பத்து மணிக்கு இஞ்சினை நிறுத்திவிடுவார்கள், லயமே இருட்டாகிவிடும். விடியற்காலையில் பிரட்டுக்குப் போக வேண்டிய அப்பாவும் அம்மாவும் தூங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு பாட்டியின் ராஜ்ஜியம்! அஞ்சடியில் பாய் விரித்து எங்களை உட்கார வைத்துக் கதை சொல்வார். பாட்டி கைநாட்டு. காலமெல்லாம் பால் வெட்டிய கை.

கதை எப்போதும் ஒன்றேதான். ஒரு ராஜாவை ஜன்னல் இல்லாத இரும்பு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். மழை விடாத காட்டை வெட்டி, மலையை உடைத்து, இரும்புப் பாதை போட்டால்தான் விடுதலை. ராணி கைக்குழந்தையோடு காத்திருக்கிறாள். இன்றைக்கு ராஜா வெள்ளத்தைக் கடப்பார். நாளைக்குப் புலியை விரட்டுவார். மறுநாள் காய்ச்சல் பூதத்தோடு சண்டை. ஒரு நாள் சொன்னதை மறுநாள் சொன்னதில்லை.

“ராஜா திரும்பி வந்தாரா பாட்டி?” என்று கேட்போம்.

“வந்துகிட்டே இருக்காருடா. எம்மாந் தூரம், நடந்து இல்ல வரணும்? தூங்கு, தூங்கு!”

ஆறாம் ஆண்டு படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். “எப்பப் பாத்தாலும் இதே கதைதானா? முடிவு தெரியலேன்னா விடு பாட்டி!” என்று சொல்லிவிட்டேன். பாட்டி ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் அந்தக் கதையைச் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை.

1994-இல் பாட்டி இறந்தார். கருமாதி அன்று இரவு அப்பா சொன்னார்: “எங்கப்பாவ ஜப்பான்காரன் சயாமுக்குப் பிடிச்சிக்கிட்டுப் போனப்ப நான் கைக்குழந்தைடா. செத்தாருன்னும் தாக்கல் இல்ல, இருக்காருன்னும் தாக்கல் இல்ல.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாட்டி கடைசி வரைக்கும் நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. ராஜாவின் கதையை முடித்திருந்தால் அந்தப் பொட்டை அழித்திருக்க வேண்டும்!

சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட பாதை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அவர்களை வாரிக்கொண்டு போயின. பலருக்குப் புதைத்த இடம்கூடத் தெரியாது. ஆர். சண்முகம் இதை ‘சயாம் மரண ரயில்’ என்று நாவலாகவே எழுதினார், 1993-இல் வெளிவந்தது. அவசியம் படியுங்கள். ஆனால் உங்கள் வீட்டுத் தாத்தாவின் பெயர் உங்கள் வீட்டாருக்குத்தானே தெரியும்?

கதை கட்டுவது படித்தவர்கள் வேலை என்று நினைக்கிறோம். பொய் என்றும் சிலர் சொல்கிறார்கள். பகலெல்லாம் மரத்தோடு மாரடித்துவிட்டு, இரவில் புருஷனை ஒரு நாள் கூடுதலாக உயிரோடு நடக்க வைத்தாரே என் பாட்டி, அதைப் பொய் என்பதா? அழாமல் சொல்ல அவருக்கு வேறு வழி இல்லை.

சங்கக் கூட்டங்களில் நான் சொல்வது இதுதான்: “குறையை எழுதிக் குடுங்க. தேதி போடுங்க, பேர் போடுங்க. வாயால சொன்னது மேசைக்கு வராது.” ஊராருக்குச் சொன்ன நான் என் வீட்டில் கோட்டை விட்டுவிட்டேன். தாத்தா எந்த மாதம் போனார்? கூடப் போனவர்கள் யார்? எந்த ஸ்டேஷனில் ஏற்றினார்கள்? ஒன்றும் என்னிடம் இல்லை. நாங்கள் இருந்த லயமும் இப்போது இல்லை. அங்கே செம்பனை நிற்கிறது.

போன மாதம் ஓரிரவு கரண்டு போய்விட்டது. கைப்பேசியில் சார்ஜும் இல்லை. என் மகள் கதை கேட்டாள். ராஜா கதையைத் தொடங்கினேன். இரும்பு வண்டி வந்ததும் பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த மாமியார் கையை நிறுத்திவிட்டார்.

“மாப்ள, எங்க பெரியப்பாவும் அந்த ரயில்லதான் போனாரு.”

“இத்தனை வருஷமா சொல்லவே இல்லியேங்க அத்தை?”

“யாரு கேட்டீங்க?”

மறுநாளே மகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்தோம். மாமியார் சொல்கிறார், மகள் எழுதுகிறாள். பெரியப்பா பெயர், தோட்டத்தின் பெயர், அவர் பாடிய தாலாட்டு எல்லாம் ஏறிவிட்டது. இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி சொல்கிறார். இரண்டையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

தோழர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு கிழவியோ கிழவரோ இருப்பார். “பழங்கதை பேசாதே” என்று வாயை அடைக்காதீர்கள். சயாமாக இருக்கட்டும், துண்டாடலில் வீடு இழந்ததாக இருக்கட்டும், முதல் நாள் பால் வாளி தூக்கியதாக இருக்கட்டும். கேளுங்கள், எழுதுங்கள். பெயரும் தோட்டமும் ஆண்டும் போட மறக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் ஓய்வு கிடைக்குமல்லவா? அன்றைக்கே தொடங்கிவிடுங்கள்.