ஒரு கேள்வியும் இரு பெட்டிகளும்

குடியாட்சியில் மக்கள் தம் விருப்பத்தைப் புலப்படுத்தும் வழிகள் இரண்டு. தம் சார்பில் ஆராய்ந்து முடிவு செய்யுமாறு பிரதிநிதிகளைத் தேர்ந்து அனுப்புவது ஒன்று. ஒரு குறிப்பிட்ட வினாவுக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ எனத் தாமே விடை கூறுவது மற்றொன்று. பின்னதைப் பொதுமக்கள் வாக்கெடுப்பு என்கிறோம். ஓர் அரசியல் கூட்டமைப்பில் நீடிப்பதா, அதனின்றும் விலகுவதா என்பது அவ்வினாவாக அமையும்போது, நாடு இரு கூறாக நிற்பதையும், வாக்குகள் எண்ணி முடிந்த பின்னரும் வழக்கு முடியாதிருப்பதையும் காண்கிறோம். அதற்குக் காரணம் யாது? அதை விளக்கத் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. திருச்சிராப்பள்ளியிலிருந்தே தொடங்கலாம்.

1949-ஆம் ஆண்டு செப்டம்பரில் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகம், தென்னகம் இந்திய யூனியனிலிருந்து பிரிந்து திராவிட நாடாதல் வேண்டும் என்பதைத் தன் குறிக்கோளாகக் கொண்டிருந்தது. ஆயின் அக்குறிக்கோளை எய்தும் வழி பற்றி அதனுள்ளே ஒரு வினா எழுந்தது. பிரிந்துபோக விரும்பும் நாட்டின் தேர்தலில் கலந்துகொள்வது தகுமா? அது தாய் இயக்கமாகிய திராவிடர் கழகத்தின் வழியினின்று மாறுவதன்றோ? 1956-ஆம் ஆண்டு மே மாதம் திருச்சிராப்பள்ளியில் கூடிய அக்கட்சியின் மாநில மாநாட்டில், வந்திருந்தோரிடமே இவ்வினா விடப்பட்டது. பெட்டிகள் வைக்கப்பட்டன, வாக்குகள் இடப்பட்டன. தேர்தலில் ஈடுபடலாம் என்றோர் 56,942 பேர். வேண்டா என்றோர் 4,203 பேர். நூற்றுக்கு 93 பேர் ஒரு பக்கம் நின்றனர். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி பதினைந்து சட்டமன்ற இடங்களைப் பெற்றது. அவற்றுள் ஒன்று அந்நாளில் திருச்சி மாவட்டத்தைச் சார்ந்திருந்த குளித்தலை.

அந்த வாக்கெடுப்பினால் கட்சி பிளவுபடவில்லை. ஏன் எனச் சிந்தித்தல் நன்று. முதலாவது, வினா தெளிவாயிருந்தது. தேர்தலில் நிற்பது என்றால் இன்னது என்பதை யாவரும் அறிவர். இரண்டாவது, இரு சாராரும் ஒரே ஊருக்குச் செல்ல விரும்பியவர்கள். எந்தச் சாலை வழியே என்பதில் மட்டுமே வேறுபட்டவர்கள். மூன்றாவது, முடிவு தவறாயின் அடுத்த மாநாட்டில் மாற்றிக்கொள்ள இடமிருந்தது. இம்மூன்றும் உள்ள இடத்தில் தோற்றவர் தோல்வியைப் பொறுத்துக்கொள்வர்.

எனினும் அந்தப் பெட்டிகளினின்று வெளிவந்த முடிவு, வாக்களித்தோர் நினைத்த திசையிலேயே சென்றதா? அதுவே கருதத்தக்கது. பிரிவினைக் கோரிக்கையைச் சட்டமன்றத்துக்குக் கொண்டு செல்வதற்காக அவர்கள் வாக்களித்தனர். சட்டமன்றமோ அவர்களைக் குடிதண்ணீர், பள்ளிக்கூடம், விலைவாசி, மொழி ஆகியவற்றின்பால் ஈர்த்தது. 1961-இல் ஈ. வெ. கி. சம்பத் பிரிவினை கைகூடாது என்று கூறி வெளியேறித் தமிழ்த் தேசியக் கட்சியைக் கண்டார். 1962 மே மாதம் சி. என். அண்ணாதுரை மாநிலங்களவையில் தன்னாட்சி உரிமையை வற்புறுத்தினார். அவ்வாண்டு அக்டோபரில் சீனப் படையெடுப்பு நேர்ந்தது. 1963-இல் நிறைவேறிய அரசமைப்பின் பதினாறாவது திருத்தம், நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக வேட்பாளர் உறுதிமொழி ஏற்க வேண்டும் என விதித்தது. அவ்வாண்டே அக்கட்சி பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. 1967-இல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றது; 1969-இல் மத்திய மாநில உறவுகளை ஆராய இராஜமன்னார் குழுவை அமைத்தது. விலகல் என்ற சொல் மாநில சுயாட்சி என்ற சொல்லாக மாறியது. யூனியனை விட்டு விலகுதற்கென எடுத்து வைத்த அடி, யூனியனின் மன்றங்களுக்குள்ளேயே கொண்டுவந்து சேர்த்தது.

இனி, ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரு சொற்களுக்குள் எத்தனை காரணங்கள் அடங்கிக் கிடக்கும் என்பதை நோக்குவோம். 1994-இல் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், பொன்மலை ஆகிய மூன்று நகராட்சிகளும் இணைக்கப்பட்டு மாநகராட்சி அமைந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாய் விளங்கும் திருவரங்கம் மீண்டும் தனி நகராட்சி ஆகலாமா என்று அவ்வூராரை ஒருநாள் கேட்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உத்திர வீதிக்காரர் ஒருவர் ஊரின் தனிப்பெருமையை நினைந்து ‘ஆம்’ என்பார். மற்றொருவர் வீட்டுவரி குறையும் என்று எண்ணி ‘ஆம்’ என்பார். மூன்றாமவர் சென்ற வாரம் குப்பை அள்ளவில்லை என்ற சினத்தால் ‘ஆம்’ என்பார். நாள்தோறும் காவிரிப் பாலத்தைக் கடந்து சத்திரம் பேருந்து நிலையத்தருகே கடை வைத்துப் பிழைப்பவர் ‘இல்லை’ என்பார். பெட்டிக்குள் விழுந்தபின் மூன்று ‘ஆம்’களும் ஒன்றாகவே எண்ணப்படும். ஆனால் மறுநாள் காலையில் மூவரும் வெவ்வேறு பொருளை எதிர்பார்த்து வாயிலில் நிற்பர். ஒருவரை மனநிறைவு செய்தால் மற்ற இருவரும் ஏமாற்றமடைவர். வென்றவர்களுக்குள்ளேயே பிணக்கு எழுவது இவ்வாறுதான்.

பிரிட்டனில் நிகழ்ந்ததும் இதுவே. 2016 ஜூன் 23 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, விலகுவதா என அந்நாட்டு மக்கள் கேட்கப்பட்டனர். விலக வேண்டும் என்றோர் நூற்றுக்கு 51.9, நீடிக்க வேண்டும் என்றோர் 48.1. ஸ்காத்லாந்து மக்களுள் நூற்றுக்கு 62 பேர் நீடிப்பதையே விரும்பினர். வட அயர்லாந்திலும் நீடிப்போரே மிகுதி. பிரதமர் கேமரன் பதவி விலகினார். மறு வாக்கெடுப்புக் கோரிய விண்ணப்பத்தில் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். விலகுவது என்றால் என்ன? சுங்கத்தினின்று விலகுவதா, சந்தையினின்று விலகுவதா, குடியேற்ற விதிகளினின்று விலகுவதா? வாக்குச் சீட்டு அதைக் கூறவில்லை. ஆகவே பிரதமர் தெரேசா மே செய்துகொண்ட உடன்பாட்டை, விலக விரும்பியோருள் பலரும் நீடிக்க விரும்பியோரும் சேர்ந்து 2019-இல் மும்முறை தோற்கடித்தனர். 2020 ஜனவரி 31 அன்றுதான் விலகல் நடந்தேறியது. ஒரே நாளில் கூறப்பட்ட விடைக்குப் பொருள் காண மூன்றரை ஆண்டுகள் ஆயின.

இதற்கு மாறாக, தமிழ் வழங்கும் மண்ணிலேயே ஒரு விலகல் அமைதியாக முடிந்ததையும் அறிதல் வேண்டும். புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சு யூனியனைச் சார்ந்திருந்தன. 1949-இல் சந்திரநாகூர் மக்கள் நேரே வாக்களித்தனர். இந்தியாவுடன் இணைய 7,463 பேரும், எதிராக 114 பேரும் வாக்களித்தனர். புதுச்சேரிப் பகுதிகளிலோ மக்களின் பிரதிநிதிகளே 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடி வாக்களித்தனர். 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய விரும்பினர். எட்டுப் பேர் விரும்பவில்லை. பின்னர் 1956-இல் கையெழுத்தாகி 1962-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் ஒரு நற்செயலைச் செய்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை இழக்க விரும்பாதோர், குறித்த காலத்துக்குள் எழுதிக் கொடுத்து அதைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என அது வழி வகுத்தது. சிறுபான்மையோர் தோற்றனர், ஆனால் தம் மனத்துக்கு ஒவ்வாத ஒன்றை ஏற்குமாறு கட்டாயப்படுத்தப்படவில்லை.

கோவாவின் வரலாறு இன்னும் சுவையானது. மகாராஷ்டிரத்துடன் இணைவதா, தனி யூனியன் பிரதேசமாக நிற்பதா என்று 1967 ஜனவரி 16 அன்று அங்கு வாக்கெடுப்பு நடைபெற்றது. தனித்திருக்க 1,72,191 பேரும், இணைய 1,38,170 பேரும் வாக்களித்தனர். இணைப்பை வற்புறுத்தியது தயானந்த பந்தோத்கரின் மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சி. அது தோற்றது. ஆனால் இரண்டு திங்கள் கழித்து நடந்த பொதுத்தேர்தலில் அதே கட்சி வென்றது. பந்தோத்கரே மீண்டும் முதலமைச்சரானார். தாம் இணைக்க விரும்பிய நிலத்தைத் தனி நிலமாகவே வைத்து ஆளும் பொறுப்பு அவருக்கு வாய்த்தது. அவருடைய ஒரு கருத்தை மறுத்த மக்கள் அவரையே மறுத்துவிடவில்லை. அவரும் அத்தீர்ப்பை ஏற்றுக்கொண்டு பணிபுரிந்தார். கோவா 1987-இல் தனி மாநிலமாயிற்று.

இந்நிகழ்ச்சிகளை ஒப்பிட்டு நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். வாக்குகளின் எண்ணிக்கை எந்தப் பக்கம் பெரிது என்பதை மட்டுமே சொல்லும். அந்தப் பக்கத்தார் கேட்டது என்ன என்பதைச் சொல்லாது. மற்றப் பக்கத்தார் நாளை எவ்வாறு வாழ்வர் என்பதையும் சொல்லாது. இவ்விரண்டையும் வினா விடுப்பதற்கு முன்னரே எண்ணிப் பார்த்த இடங்களில் பகை விளையவில்லை. எண்ணாத இடங்களில் ஒரே வீட்டில் தந்தையும் மகனும் முகம் திருப்பிக்கொண்டனர்.

நம் அரசமைப்பு, சட்டம் இயற்றும் பொறுப்பைப் பிரதிநிதிகளிடமே ஒப்படைத்திருக்கிறது. நாடு தழுவிய பொதுமக்கள் வாக்கெடுப்புக்கு அதில் விதி ஏதும் இல்லை. எனினும் கல்லூரிப் பேரவையிலும், கூட்டுறவுச் சங்கத்திலும், ஊர்க் கூட்டத்திலும் உங்கள் முன் ஒரு கேள்வியும் இரு பெட்டிகளும் வைக்கப்படும் நாள் வரும். அந்நாளில், ‘ஆம்’ என்பதன் பொருளை முதலில் எழுத்தில் தருமாறு கேளுங்கள். தோற்பவர் எத்தனை பேராயினும் அவர்களுக்கு என்ன இடம் என்று அடுத்துக் கேளுங்கள். இவ்விரண்டுக்கும் விடை கிடைத்த பின்னர்ச் சீட்டைக் கையில் எடுங்கள்.