பொத்தானுக்குத் திரையில் எது இடம்?

கைபேசிச் செயலியில் ஒரு பொத்தானைத் திரையில் நிறுத்த இரண்டு எண்கள் போதும்: இடது ஓரத்திலிருந்து எக்ஸ், மேல் ஓரத்திலிருந்து ஒய். பள்ளி வரைபடத்தாளில் ஒய் மேலே போகப் போகக் கூடும். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் கீழே இறங்க இறங்கத்தான் கூடும். காரணம் பழையது: படக்குழாய்த் திரையில் எலெக்ட்ரான் கற்றை மேல் இடது மூலையில் தொடங்கி, வரி வரியாக இறங்கிப் படத்தைத் தீட்டியது. நினைவகத்திலும் பிக்சல்கள் அதே வரிசையில் அடுக்கப்பட்டன. படக்குழாய் வழக்கொழிந்த பிறகும் கணக்கு அந்த மூலையிலிருந்தே தொடங்குகிறது.

2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு கைபேசியான எச்டிசி ட்ரீமின் திரை 320க்கு 480 பிக்சல். அதில் 100 பிக்சல் அகலமுள்ள பொத்தானை எக்ஸ் 110, ஒய் 430 என்று வைத்தால் அடியில் நட்டநடுவே நிற்கும். அதே எண்களை 480க்கு 800 திரையில் அப்படியே போட்டால் இடப்பக்கம் ஒதுங்கிவிடும். 240க்கு 320 திரையில் கண்ணிலேயே படாது. எண்களால் மட்டும் அடுக்கும் 'அப்சொல்யூட் லேஅவுட்' முறையை 2009இலேயே ஆண்ட்ராய்டு 1.5 ஒதுக்கிவைத்தது.

மாற்றுவழி உறவுமுறை. தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள வாளையார்ச் சோதனைச்சாவடி வரிசையில் "முன்னால் நிற்கும் லாரிக்குப் பின்னால் நில்" என்றால், அந்த லாரி எவ்வளவு நீளமானாலும் இடம் தவறாது. 2012இல் ஐபோனுக்கு வந்த 'ஆட்டோ லேஅவுட்', 2016இல் ஆண்ட்ராய்டுக்கு வந்த 'கன்ஸ்ட்ரெயின்ட் லேஅவுட்' இரண்டும் இப்படியே இடம் சொல்கின்றன: இந்தப் பெட்டிக்குக் கீழே, அந்த ஓரத்தை ஒட்டி.

வாளையார் போன்ற எல்லை ஊரில் ஒரே செயலியைத் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் திறப்பார்கள். ஒரே சொல்லின் அகலம் மொழிக்கு மொழி மாறும். உயரமும் மாறும்: 'கி'யின் கொக்கி மேலே ஏறும், 'கு'வின் சுழி கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பெட்டியில் இரண்டும் வெட்டுப்படும். வயதானவர்கள் எழுத்தைப் பெரிதாக்கினால் பாதி வரியே காணாமல் போகும். இதைத் தமிழ் எழுத்தின் குறை என்று தள்ளிவிடுவது அநியாயம். வெளியிடும் முன் செயலியைத் தமிழிலும் மலையாளத்திலும் பெரிய எழுத்தில் ஒருமுறை திறந்து பார்க்காத அலட்சியமே காரணம்.

ஆனாலும் விளையாட்டுச் செயலியிலும் வரைபலகைச் செயலியிலும் எண்முறைக்கே முதலிடம். அங்கே பொருளின் இடம் நொடிக்கு நொடி நகர்கிறது. விரல் தொட்ட இடத்தையும் கைபேசி எக்ஸ், ஒய் எண்களாகவே செயலிக்குச் சொல்கிறது.