அளக்கும் யந்திரமும் கேட்கும் ஆளும்

நான் பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தில், பால் எடுத்து முடிந்த பிறகு பால் கொட்டகைக்கு முன்னால் வாளிகளும் தோம்புகளுமாக வரிசை நிற்கும். கிராணி ஒவ்வொருவருடைய பாலிலும் சிறிதளவு எடுத்துக் குவளையில் ஊற்றி, மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை அதில் இறக்குவார். ரப்பர் நீரைவிட இலேசானது. ஆகவே பாலில் ரப்பர் மிகுந்திருந்தால் கருவி ஆழ இறங்கும். தண்ணீர் கலந்திருந்தால் மேலெழுந்து நிற்கும். அதன் கழுத்தில் உள்ள கோட்டைப் பார்த்துப் புத்தகத்தில் ஓர் எண்ணை எழுதுவார். அந்த எண்ணே என் தாயாரின் அன்றையக் கூலி.

அந்தக் கருவியின்மேல் எங்களுக்குக் குறை இருந்ததில்லை. குறையெல்லாம் புத்தகத்தில் ஏறிய எண்ணைப் பற்றியதே. ஐந்தாம் வகுப்பு படிக்கையில் ஒருநாள் நானே எட்டிப் பார்த்தேன். கருவி காட்டியது ஒன்று, எழுதப்பட்டது வேறொன்று. அம்மா கேட்டதற்கு, "மெட்ரோலாக்தானே சொல்லுது, நானா சொல்றேன்?" என்று பதில் வந்தது. அதற்கு மேல் யாரிடம் போய்க் கேட்பது? யந்திரத்தை நம்பலாமா என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் எனக்கு அந்தக் கொட்டகைதான் நினைவுக்கு வருகிறது. அளப்பது ஒரு காரியம். அளந்ததைப் பார்த்து உரிய நேரத்தில் கேள்வி கேட்பது வேறொரு காரியம்.

இன்று நம் சாலைகளில் அளக்கும் யந்திரங்கள் பெருகிவிட்டன. அவற்றைப் பற்றி எழுதத் தூண்டியவை நம் பேராக் மாநிலத்தில் 2025-ஆம் ஆண்டில் ஒரு மாத இடைவெளிக்குள் நிகழ்ந்த இரண்டு விபத்துகள். மே 13-ஆம் நாள், நம் முன்னோர் தெலுக் ஆன்சன் என்றழைத்த தெலுக் இந்தானில், சித்ரா பௌர்ணமித் திருவிழாக் காவலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புப் போலீசாரின் வாகனத்தில் கல் ஏற்றி வந்த லோரி மோதியது. ஒன்பது போலீசார் மாண்டனர். நம் தேர் பத்திரமாக நிலை சேர வேண்டும் என்று இரவெல்லாம் கண்விழித்தவர்கள் அவர்கள். ஜூன் 9-ஆம் நாள் பின்னிரவில், கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில், ஜெர்த்தேயிலிருந்து தஞ்சோங் மாலிம் நோக்கி வந்த பஸ் கவிழ்ந்து பதினைந்து மாணவர்கள் உயிரிழந்தனர். அவர்கள் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள். 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997-இல் பல்கலைக்கழகமான நிலையம் அது. நம் தமிழ்ப் பள்ளிகளுக்கு வரும் இளம் ஆசிரியர்களில் பலர் அங்கே படித்தவர்கள். அடுத்த தலைமுறைக்கு எழுத்துச் சொல்லித்தர வேண்டியவர்களை ஒரே இரவில் இழந்தோம்.

அந்த பஸ் மணிக்கு 117.9 கிலோமீட்டர் வேகத்தில் சென்றதாக விசாரணையில் கூறப்பட்டது. தசம புள்ளிக்குப் பின்னால்கூட ஓர் எண்! வேகம் அவ்வளவு துல்லியமாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. ஆனால் பதினைந்து பேர் போன பிறகுதான் அந்த எண் நம் கண்ணுக்கு வந்தது.

முதலில் கேமராவைப் பார்ப்போம். ஏ.இ.எஸ். என்ற தானியங்கிக் கேமரா முறை நம் நாட்டில் 2012 செப்டம்பர் 23 அன்று தொடங்கியது. பேராக், சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய இடங்களில் முதற்கட்டமாக 14 கேமராக்கள் வைக்கப்பட்டன. நாடு முழுவதும் 831 வைப்பதாகத் திட்டம். அபராதம் 300 வெள்ளி. எதிர்ப்பு உடனே கிளம்பியது. இதை நடத்தியவை இரு தனியார் நிறுவனங்கள். அபராதப் பணத்தில் அவற்றுக்கும் பங்குண்டு. குற்றம் பெருகப் பெருக இலாபம் பெருகும் ஒருவரிடம் குற்றத்தை அளக்கும் கோலைக் கொடுக்கலாமா என்று மக்கள் கேட்டார்கள். கேட்டது நியாயமே என்பது என் அபிப்பிராயம். அவ்வாண்டு டிசம்பரில் சட்டத்துறைத் தலைவர் இவ்வழக்குகளை நிறுத்தி வைத்தார். பின்னர் இத்திட்டம் தனியார் கையை விட்டு நீங்கி, அவாஸ் என்று பெயரும் மாறி, 2018-இல் சாலைப் போக்குவரத்து இலாகாவின் பொறுப்புக்கு வந்தது. அபராதமும் 150 வெள்ளியாகக் குறைந்தது.

அதே 2018-இல் கட்டப்படாமல் தேங்கிக் கிடந்த ஏ.இ.எஸ். சம்மன்கள் அனைத்தையும் அரசாங்கம் ரத்துச் செய்தது. அவற்றின் எண்ணிக்கை சுமார் 31 இலட்சம். மதிப்பு 43 கோடியே 50 இலட்சம் வெள்ளி. ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. இது ஒருபுறமிருக்க, போலீஸ் சம்மன்களுக்கு ஐம்பது சதவீதம், சில வேளை எழுபது சதவீதம் என்று தள்ளுபடி விற்பனைபோல அறிவிப்புகள் பல ஆண்டுகள் வந்துகொண்டே இருந்தன. வீட்டுப்பாடம் செய்யாதவனுக்கு "திங்கட்கிழமை பாதி எழுதினால் போதும்" என்று நான் சொல்லத் தொடங்கினால், வெள்ளிக்கிழமையே முழுதாக எழுதி வருபவன் எத்தனை வாரம் எழுதுவான்? காத்திருந்தால் குறையும் என்ற பாடத்தை நம் மக்களுக்குக் கற்பித்தவர்கள் குடிமக்கள் அல்லர்.

2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஏற்பாடு இதைத் தலைகீழாக்குகிறது. சம்மன் வந்த பதினைந்து நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை. பதினாறிலிருந்து முப்பது நாளுக்குள் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு கழிவு. அதற்குப் பின் முழுத் தொகை. அறுபது நாள் கடந்தால் நீதிமன்றம். போலீசுக்கும் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கும் ஒரே விதி. சீக்கிரம் கட்டியவனுக்குச் சலுகை, காலம் தாழ்த்தியவனுக்குச் சுமை என்பதே முறை. இதை நான் மனமார ஆதரிக்கிறேன், அடுத்த தேர்தல் காலத்திலும் இது நிலைக்குமானால்.

ஆனால் நம் தோட்டப்புற மக்களுக்கு இதில் ஒரு முள் உண்டு. கேமராவுக்கு ஓட்டுநர் யாரென்று தெரியாது. அது காண்பது வாகன எண்ணை மட்டுமே. ஆகவே கடிதம் பதிவேட்டில் உள்ள உரிமையாளர் பெயருக்கு, பதிவேட்டில் உள்ள முகவரிக்குப் போகிறது. தகப்பன் பேரில் மோட்டார் சைக்கிள், ஓட்டுபவன் மகன். முகவரியோ, செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறிவிட்ட பழைய தோட்டத்து லயம். லயமும் இல்லை, தபால் வாங்கிப் பிரித்துக்கொடுக்கும் ஆபீசும் இல்லை. குடும்பம் ஈப்போவில் ஏதோ அடுக்குமாடி வீட்டில் இருக்கிறது. சாலை வரி புதுப்பிக்கப் போகும்போதுதான் பேர் கறுப்புப் பட்டியலில் இருப்பது தெரிகிறது. பழைய வழக்கம் விட்டுப்போகாமல் அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு இன்றும் சிலர் பள்ளிக்கு வருகிறார்கள். மலாயில் இருப்பதைப் படித்துச் சொல்லி, கைபேசியில் பார்த்துத் தருவது எங்கள் அலுவல்களில் ஒன்று. பதினைந்து நாள் சலுகை இவர்களுக்குப் பயன்பட வேண்டுமானால், முகவரியை மாற்றிக்கொள்வது முதல் வேலை. இதைக் கோயில் கூட்டத்திலும் பெற்றோர் கூட்டத்திலும் யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது. இது இலாகாவின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. நிலையான முகவரி உள்ளவனை மனத்தில் வைத்து எழுதிய சட்டம், இடம் பெயர்ந்தவன்மேல் அதிகமாக விழுகிறது என்கிறேன்.

நிலைத்த கேமராவுக்கு இன்னொரு குறை உண்டு. அது இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். அங்கே வேகத்தைக் குறைத்து, கடந்ததும் மிதிப்பார்கள். இதற்கு மாற்றாக இரு இடங்களுக்கு நடுவே சராசரி வேகத்தைக் கணக்கிடும் முறை 2025 இறுதியில் சோதனைக்கு வந்தது. இது ஆறாம் வகுப்புக் கணக்குதான். இரு கேமராக்களுக்கு நடுவே தூரம் 20 கிலோமீட்டர். வேக வரம்பு 80. அப்படியானால் கடக்கக் குறைந்தது 15 நிமிடம் ஆக வேண்டும். ஒருவன் 10 நிமிடத்தில் வந்துவிட்டால் அவன் சராசரி 120. இரண்டு கேமராவுக்கும் முன்னால் அவன் பூனைபோல் நடந்திருந்தாலும் தப்ப முடியாது. இம்முறை பரவ வேண்டும் என்பது என் விருப்பம்.

இரண்டாவது யந்திரம் ஜி.பி.எஸ். வானத்திலுள்ள துணைக்கோள்களின் சமிக்ஞைகளைக் கொண்டு தான் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு, தொலைபேசி வழியாகக் கம்பெனிக் கணினிக்கு அனுப்புவது. இடமும் நேரமும் தெரிந்தால் வேகமும் தெரிந்துவிடும். நடு இரவில் ஒரு பஸ் மலைச்சரிவில் எந்த வேகத்தில் இறங்குகிறது என்பதை ஈப்போவில் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் பார்ப்பது யார்? பதிவு போய்ச் சேருவது, பஸ் சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்பினால் இலாபம் காணும் முதலாளியிடம். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்ததுபோல் இருக்கிறது. வரம்பு மீறிய பதிவு ஒவ்வொன்றும் தானாகவே இலாகாவுக்கும் போய்ச் சேர வேண்டும். அங்கே அதைப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்க வேண்டும். இதற்குச் செலவாகும் என்பார்கள். விபத்துக்குப் பின் விசாரணைக் குழு அமைப்பதற்கும் செலவுதான்.

மூன்றாவது, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. கனரக வாகனங்களுக்கு 2025 அக்டோபர் 1 தொடங்கிக் கட்டம் கட்டமாக இது கட்டாயமாக்கப்பட்டது. மணிக்கு 90 கிலோமீட்டரை எட்டியதும் இயந்திரத்துக்குப் போகும் எண்ணெயை இக்கருவி குறைத்துவிடும். எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறாது. நல்ல ஏற்பாடு. ஆயினும் இதைப் பற்றிச் சில அன்பர்கள் கொண்டிருக்கும் நம்பிக்கை அளவுக்கு மீறியது. இது பிரேக் அன்று. மேட்டிலிருந்து இறங்கும் வண்டியை இழுப்பது எண்ணெய் அன்று, பூமி. பத்து டன் வண்டி சரிவில் உருளும்போது எண்ணெயை முழுவதும் நிறுத்தினாலும் அது 90-ஐத் தாண்டும். அங்கே காப்பது தாழ்ந்த கியரும், இயந்திரத்தின் இழுவையைக் கொண்டு வேகத்தை அடக்கும் பழக்கமும்தான். அப்படிச் செய்யாமல் பிரேக்கையே அழுத்திக்கொண்டு வந்தால் அது சூடேறி, கடைசியில் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய லோரிக்காரர்களின் பாலபாடம். எங்கள் தோட்டத்து லோரி டிரைவர் பெரியப்பா அதை எந்தக் கருவியும் இல்லாமல் அறிந்திருந்தார். கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை போன்ற மலைப்பாதையில் இரவில் ஓட்டுபவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார்களா என்பதைக் கேமராவால் காண இயலாது.

காண இயலாதவை இன்னும் உண்டு. கிரிக்கில் கவிழ்ந்த பஸ்ஸின் பெர்மிட் ஒரு நிறுவனத்தின் பேரில் இருந்தது; ஓட்டியது வேறொரு நிறுவனம். பெர்மிட்டை வாடகைக்கு விடுவது குற்றம். இருந்தும் நடந்தது. அதன் ஓட்டுநர்மேல் முன்னரே 18 சம்மன்கள் இருந்ததாகப் போலீசார் தெரிவித்தனர். அவற்றுள் பெரும்பாலானவை வேகத்துக்கானவை. யந்திரமும் போலீசும் பதினெட்டு முறை எழுதியிருக்கிறார்கள். பதினெட்டையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்து, "இவன் கையில் நாற்பது பிள்ளைகளைக் கொடுக்கலாமா?" என்று கேட்க ஓர் ஆள் இல்லாமல் போயிற்று. வருகைப் பதிவேட்டில் ஒரு பையனுக்குப் பதினெட்டு நாள் "வரவில்லை" என்று எழுதிவிட்டு அவன் வீட்டுக்குப் போகாத ஆசிரியரை நாங்கள் என்ன சொல்வோம்? பதிவேட்டில் பிழையில்லை என்று பாராட்டுவோமா?

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலையில் சாகிறார்கள். ஏறத்தாழ மூவரில் இருவர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். அதிகாலையில் தொழிற்சாலைக்கு விரையும் நம் பிள்ளைகள் அதில் உண்டு. பஸ்ஸைப் பற்றி எழுதுகிறோம், குழு அமைக்கிறோம். ஒவ்வொருவராகச் சாகும் இவர்களுக்குக் குழு இல்லை. அதைத் தனியாக எழுத வேண்டும்.

அண்மையில் எங்கள் பள்ளி மாணவர்களைக் கோலகங்சாருக்குச் சுற்றுலா அழைத்துச் செல்ல ஒரு பஸ் பேசினோம். பெர்மிட் யார் பேரில் உள்ளது, ஆறு மாதத்துக்கொருமுறை நடக்கும் புஸ்பகோம் சோதனையின் கடைசிச் சான்று எங்கே, வேகக் கருவிக்கு அத்தாட்சி உண்டா, ஓட்டுநர் முந்தின இரவு ஓட்டினாரா என்று நான்கு கேள்விகளைத் தாளில் எழுதிக் கேட்டேன். மலிவாகச் சொன்னவர், "சார், இதுவரைக்கும் எந்த ஸ்கூலும் இப்படிக் கேட்டதில்லையே!" என்று சிரித்தார். தாள் திரும்பி வரவில்லை. வேறொருவர் மறுநாளே நான்குக்கும் நகல் கொண்டுவந்து கொடுத்தார். தலைக்கு நான்கு வெள்ளி கூடுதல். பெற்றோர் கூட்டத்தில் காரணத்தைச் சொன்னேன். ஒரு தாயார் மட்டும் எழுந்து, அந்த நான்கு கேள்வியையும் தமிழில் எழுதித் தரும்படி கேட்டார். தம் மகன் வேலைக்குப் போகும் தொழிற்சாலை பஸ்காரரிடம் காட்ட வேண்டுமாம். அன்றே எழுதிக் கொடுத்தேன்.